கர்ப்பப்பையையே எடுத்துவிட வேண்டுமா?

கேள்வி: வயது 36. எச்ஐவிக்காகப் பல வருடமாக ஏஆர்டி மாத்திரை சாப்பிடுகிறேன், வைரஸ் அளவு டெஸ்டில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. போன மாதம் கர்ப்பப்பை வாயில் ஏதோ வெள்ளையாகத் தெரிகிறது என்று சதை எடுத்து அனுப்பினார்கள், ரிப்போர்ட்டில் 'சிஐஎன் 2' என்று வந்திருக்கிறது. மாமியார், கர்ப்பப்பையை எடுத்துப்போட்டால் தொல்லை விட்டது என்கிறார். மாத்திரையை ஒழுங்காகத்தானே சாப்பிட்டேன், எனக்கு ஏன் புற்றுநோய்?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சிஐஎன் 2 என்பது புற்றுநோய் இல்லை அம்மா. கவனிக்காமல் விட்டால் சிலருக்குப் பல வருடம் கழித்து அப்படி ஆகக்கூடிய மாற்றம், அவ்வளவுதான். இப்போதே தெரிந்துவிட்டது என்பதால் உங்கள் கைதான் ஓங்கியிருக்கிறது.

காரணம் எச்பிவி என்ற இன்னொரு வைரஸ். அது உடலுறவில் ஈடுபடும் பெரும்பாலானோருக்கு ஒருமுறையாவது வந்துபோகும், உடம்பே ஓரிரு வருடத்தில் விரட்டிவிடும். எச்ஐவி இருந்தால் அந்த எதிர்ப்புசக்தி பலவீனப்பட்டிருப்பதால் எச்பிவி அங்கேயே தங்கிவிடுகிறது, அதனால்தான் எச்ஐவி உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய 6 மடங்கு. மாத்திரை இந்த அபாயத்தைக் குறைக்கும், ஆனால் முழுக்கப் போக்காது. உங்கள் மேல் தப்பு ஒன்றுமில்லை, மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

சரி, கர்ப்பப்பை விஷயம். நம் ஊரில் எதற்கெடுத்தாலும் 'எடுத்துவிடு' என்பது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது! சிஐஎன் 2-க்கு அது முதல் வைத்தியமே இல்லை. அந்த இடம் முழுக்கக் கண்ணுக்குத் தெரிந்து, கர்ப்பப்பை வாயின் உள்வழிக்குள் போகாமல் இருந்தால் சூடான முனையை ஒரு நிமிடம்போல வைத்துச் சுட்டே அழித்துவிடலாம்; இல்லையென்றால் கரண்ட் ஓடும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் சீவி எடுப்பார்கள், அதை 'லீப்' என்பார்கள். பெரும்பாலும் அந்த இடத்தை மரக்க வைத்துத்தான் செய்வார்கள், அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். சில வாரம் நீர் மாதிரி வெள்ளைப்படும், பயப்பட வேண்டாம். ஆனால் புண் ஆறும்வரை, அதாவது 4 வாரமாவது, உறவு வேண்டாம், முடியாது என்றால் கட்டாயம் ஆணுறை.

எல்லாவற்றையும்விட முக்கியம் திரும்பப் போவது. எச்ஐவி உள்ளவர்களுக்கு வைத்தியத்துக்குப் பிறகும் இது மறுபடி வர வாய்ப்பு கூடுதல், அதனால் 12 மாதத்தில் ஒரு பரிசோதனை, அது நன்றாக இருந்தால் இன்னும் 12 மாதத்தில் மற்றொன்று, அப்புறம் 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை. ஏஆர்டி சென்டர் கார்டிலேயே அந்தத் தேதியை எழுதி வாங்கிவிடுங்கள். நடுவில் உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

வைத்தியம் செய்யும் டாக்டரிடம் எச்ஐவி இருப்பதைச் சொல்லிவிடுங்கள், அதைப் பொறுத்துத்தான் அவர் அடுத்தடுத்த பரிசோதனைகளைத் திட்டமிடுவார். அதை வெளியே சொல்லவோ, அதற்காக உங்களைத் திருப்பி அனுப்பவோ 2017-ல் வந்த எச்ஐவி சட்டப்படி அவருக்கு உரிமையில்லை.

வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண் பிள்ளை இருந்தால் எச்பிவி தடுப்பூசி பற்றி அதே டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.