சதுரங்கப் பலகையின் தானிய எண்: கேள்வி பதில்

முதல் கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால், சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களிலும் சேர்த்து 1,84,46,74,40,73,70,95,51,615 மணிகள் வரும். அந்த எண்ணைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: 64 எண்களையும் கூட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். மொத்தத்தோடு ஒரே ஒரு மணியைக் கூடுதலாகச் சேருங்கள். அதுவும் முதல் கட்டத்து மணியும் சேர்ந்து 2, இரண்டாம் கட்டத்து இரண்டும் சேர்ந்தால் 4, பிறகு 8. கடைசிக் கட்டம் முடியும்போது 2⁶⁴ நிற்கும். சேர்த்த மணியை எடுத்துவிட்டால் 2⁶⁴ − 1.

கேள்வி: இதன் காரணிகளைக் கணினி இல்லாமல் காண முடியுமா?

பதில்: தாராளமாக. இரு வர்க்கங்களின் வித்தியாசம் என்ற பள்ளிச் சூத்திரம் போதும். 2⁶⁴ − 1 = (2³² + 1)(2³² − 1). இரண்டாவது காரணி அதே முறையில் மறுபடியும் பிரியும். முடிவில் கிடைப்பது: 3 × 5 × 17 × 257 × 65,537 × 429,49,67,297. முதல் ஐந்தும் பகா எண்கள்.

கேள்வி: ஆறாவது?

பதில்: இந்த எண்ணிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அந்த ஆறாவது எண்ணும், அதாவது 2³² + 1-உம், பகா எண்ணே என்று 17-ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் அது 641 × 67,00,417 என்று காட்டினார்.

வகுத்துப் பார்க்காமலே இதை உணரலாம். 641 = 5 × 2⁷ + 1. ஆகவே 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 என்று கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸-இன் மீதி 1. மறுபுறம் 641 = 5⁴ + 2⁴; அதனால் 5⁴ இருக்குமிடத்தில் −2⁴ என்று வைக்கலாம். அப்போது −2³²-இன் மீதி 1. அதாவது, 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. ஐந்து வரியில் முடிந்துவிடும் இந்த நிரூபணத்தை ஒருமுறையாவது கையால் எழுதிப் பாருங்கள்.

கேள்வி: 641 என்று எப்படித் தோன்றியது? குருட்டு அதிர்ஷ்டமா?

பதில்: இல்லை. 2³² + 1-இன் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும் என்பது ஆய்லரின் முடிவு. அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே கிடைத்துவிடுகிறது!

கேள்வி: தானிய எண்ணுக்கு மொத்தம் எத்தனை வகுத்திகள்?

பதில்: ஏழு வெவ்வேறு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே முறை. ஆகவே 2⁷ = 128.

கேள்வி: மூன்று கம்பங்களுக்கிடையே வட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தும் ஹனோய் கோபுரப் புதிரிலும் இதே எண் வருகிறதே?

பதில்: ஆம், 64 வட்டுகளை நகர்த்தக் குறைந்தது இத்தனை நகர்வுகள் வேண்டும். நொடிக்கு ஒன்று என்றாலும் சுமார் 58,500 கோடி ஆண்டுகள் ஆகும்.

கேள்வி: இத்தனை பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டு வரைய இயலுமா?

பதில்: கொள்கை அளவிலும் இயலாது, 641 தடுக்கிறது. ஆனால் முதல் ஐந்து காரணிகளை மட்டும் பெருக்கினால் வரும் 429,49,67,295 பக்கப் பலகோணத்தை, கொள்கை அளவில், வரையலாம். ஒற்றைப்படைப் பக்கங்கள் உள்ளவற்றில் இன்றுவரை நாம் அறிந்த மிகப் பெரியது அதுவே. அந்த வழியைத் திறந்தது, 17 பக்கப் பலகோணத்தைப் பற்றி 1796-இல் கணிதவியலாளர் காஸ் கண்டறிந்த உண்மை.