கம்பத்தில் ஒரு செக்கப், குமுளியில் ஒரு செக்கப்: கவனிப்பு குறையுமா?

ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வரும் கர்ப்பிணி மனைவிக்குத் தமிழ்நாட்டுக் கம்பம், கேரளக் குமுளி என இரண்டு பக்கமும் மாறி மாறி செக்கப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம், எடை, சிறுநீரில் புரதம் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். பிரஷர்கூடப் பார்க்காமல் இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுத்தனுப்பினால் அது என்ன செக்கப்? 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்வதும் முக்கியம்.

எல்லையில் பெரிய ஓட்டை, பதிவேடு. தமிழ்நாட்டு பிக்மி (அரசின் கர்ப்பப் பதிவு முறை) விவரம் கேரள டாக்டர் கைக்குத் தானாகப் போய்ச்சேரும் என்று நம்ப வேண்டாம். தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் தாள் எல்லாம் கையோடு இருக்கட்டும்.

அப்புறம் கூலி. செக்கப் நாள் என்றால் அன்றைய சம்பளம் போச்சு. பலர் தள்ளிப்போடுவது அதனால்தான். அதை அலட்சியம் என்று திட்டுவது நியாயமில்லை. தோட்டத்தில் மருந்தடிப்பதையும் ஜீப் பயணத்தையும் நீங்களே டாக்டரிடம் சொல்லுங்கள். கடுமையான தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் வந்தால் எந்த மாநிலம் என்று யோசிக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.