பாங்லாஸ் கொண்டுவராத எண்ணெய்

கேள்வி: பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் எழுதிய 'காண்டீட்' எங்களுக்குப் பாடமாக இருக்கிறது. கதையில் வருகிறவர்கள் எல்லோரும் சாவி கொடுத்த பொம்மைகள் மாதிரி அடி வாங்குகிறார்கள், எழுந்திருக்கிறார்கள், மறுபடியும் அடி வாங்குகிறார்கள். மனிதர்களின் துயரத்தை வைத்து இப்படிச் சிரிப்பது கொடூரம் இல்லையா? எவ்வளவு கஷ்டம் வந்தாலும் 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்லும் காண்டீட்டின் குரு பாங்லாஸ் ஒருவரைத்தான் எனக்குப் பிடிக்கிறது. நம்பிக்கையோடு வாழும் ஒரு மனிதரை ஏன் கேலி செய்ய வேண்டும்? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: உங்களுக்குப் பிடித்த பாங்லாஸ் ஐந்தாம் அத்தியாயத்தில் என்ன செய்கிறார் என்று இன்னொரு முறை படியுங்கள். போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் பூகம்பம். கதாநாயகன் காண்டீட் தெருவில் கிடக்கிறான். கல் விழுந்து காயம், மேலே இடிபாடு. "கொஞ்சம் ஒயினும் எண்ணெயும் கொண்டுவாருங்கள், செத்துக்கொண்டிருக்கிறேன்" என்று குருவிடம் கெஞ்சுகிறான். குரு சொல்கிற பதில்: இந்தப் பூகம்பம் புதிதல்ல, போன வருஷம் அமெரிக்காவில் லிமா நகரத்திலும் இதே மாதிரி அதிர்ந்தது, லிமாவிலிருந்து லிஸ்பன் வரை பூமிக்கடியில் கந்தகம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். "இருக்கலாம் சுவாமி, முதலில் எண்ணெய்" என்கிறான் பையன். "இருக்கலாமா? நிரூபணமான விஷயம் இது!" என்று சண்டைக்கு வருகிறார் பாங்லாஸ். பையன் மயங்கிய பிறகுதான் பக்கத்து ஊற்றிலிருந்து கொஞ்சம் தண்ணீர் வருகிறது.

இதில் நம்பிக்கை எங்கே இருக்கிறது? பிழைப்போம், நாளைக்கு விடியும் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. நடந்தது சரியாகத்தான் நடந்தது என்கிறார், அவ்வளவுதான். துக்க வீட்டுக்குள் நுழைந்ததும் 'இதுவும் நல்லதுக்குத்தான்' என்று ஆரம்பிக்கிற மனிதரை நமக்கெல்லாம் தெரியும். வால்டேருக்கு அவர் மேல்தான் கோபம்.

வெறும் கற்பனையிலிருந்து வந்த கோபமும் அல்ல. 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். லிஸ்பன் தேவாலயங்களில் கூட்டம் நிரம்பியிருந்த காலை நேரத்தில் பூமி ஆடியது. பிறகு கடல் ஏறியது, அப்புறம் நாள்கணக்கில் நெருப்பு. ஆயிரக்கணக்கில் மக்கள் செத்தார்கள். அப்போது ஐரோப்பாவின் படித்தவர்கள் மத்தியில் செல்வாக்கோடு இருந்த கருத்து என்ன? இருக்கக்கூடிய உலகங்களிலேயே சிறந்ததைத்தான் கடவுள் படைத்தார் என்று ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் 1710-இல் எழுதியிருந்தார். இருப்பதெல்லாம் சரியாகவே இருக்கிறது என்று ஆங்கிலக் கவி அலெக்சாண்டர் போப் பாடியிருந்தார். லைப்னிட்ஸ் பெரிய அறிஞர், அவர் சொன்னது பாங்லாஸ் உளறுவது அளவுக்கு மலிவானதல்ல. ஆனால் செத்துப்போன குழந்தையின் தாயிடம் அதை எப்படிச் சொல்வது? அந்தக் கேள்வியை வைத்து வால்டேர் முதலில் ஒரு நீண்ட கவிதை வெளியிட்டார், 1756-இல். அதில் சிரிப்பே கிடையாது.

உங்கள் கேள்வியை அப்போதே ஒருவர் கேட்டுவிட்டார், சாதாரண ஆள் அல்ல, தத்துவவாதி ரூசோ. கவிதையைப் படித்துவிட்டு அதே வருஷம் ஆகஸ்டில் வால்டேருக்குக் கடிதம் போட்டார். நீங்கள் கொடூரம் என்று சொல்கிற அந்தக் கொள்கைதான் என் வலிகளில் எனக்கு ஆறுதல் தருகிறது, அதையும் பிடுங்கிக்கொள்கிறீர்களே என்பது அவர் ஆதங்கம். ஆறேழு மாடி வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கை அல்லவே என்றும் கேட்டார். அந்த இரண்டாவது கேள்வி இன்றைக்கும் நிற்கிறது. முதல் கேள்வியிலும் நியாயம் உண்டு. தன் வலியைத் தாங்க ஒருவர் எதை வேண்டுமானாலும் நம்பிக்கொள்ளட்டும், யாரும் தடுக்க முடியாது. பாங்லாஸ் செய்வது வேறு. அடுத்தவன் வலிக்கு அவர் சமாதானம் சொல்கிறார்.

ஜாக்கின் சாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாலந்தில் பசியோடு வந்த காண்டீட்டுக்குச் சோறு போட்டு, காசு கொடுத்து, தொழில் கற்றுக்கொடுக்கவும் முன்வந்தவர் அவர். நோயில் அழுகிக்கொண்டிருந்த பாங்லாஸுக்கு வைத்தியச் செலவு செய்தவரும் அவரே. லிஸ்பன் துறைமுகத்துக்கு வெளியே புயலில் கப்பல் உடைகிறது. தன்னை அடித்த மாலுமி தவறி விழுந்து தொங்குவதைப் பார்த்து, ஓடிப்போய் அவனைத் தூக்கிவிடுகிறார் ஜாக். அந்த முயற்சியில் அவரே கடலில் விழுகிறார். மாலுமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காண்டீட் குதிக்கப் போகிறான். பாங்லாஸ் அவனைத் தடுக்கிறார். எப்படி? இந்த ஜாக் மூழ்குவதற்கென்றே லிஸ்பன் துறைமுகம் உருவாக்கப்பட்டது என்று நிரூபித்து! தனக்கு உயிர்கொடுத்த மனிதரின் சாவைப் பற்றிப் பேசுகிற பேச்சு இது. இவரையா உங்களுக்குப் பிடிக்கிறது?

நம்பிக்கை உள்ள மனிதர் வேண்டுமென்றால் கதையில் வரும் அந்தக் கிழவியிடம் போங்கள். ஒரு போப்பாண்டவரின் மகளாகப் பிறந்து, கடற்கொள்ளையரிடம் சிக்கி, கைமாறிக் கைமாறி விற்கப்பட்டு, அசோவ் கோட்டை முற்றுகையில் பசித்த வீரர்கள் உடம்பின் ஒரு பகுதியை அறுத்துத் தின்ன, அதற்குப் பிறகும் உயிரோடு இருப்பவள். நூறு தடவை சாக நினைத்தேன், ஆனாலும் வாழ்க்கை மேல் ஆசை போகவில்லை என்கிறாள். அதை நியாயப்படுத்த அவளிடம் எந்தத் தத்துவமும் இல்லை. காண்டீட்டோடு அமெரிக்காவுக்குப் போகும்போது, இந்தக் கப்பலில் இருக்கிற ஒவ்வொருவர் கதையையும் கேளுங்கள், தன் வாழ்க்கையை அடிக்கடி சபிக்காத ஒருவர் இருந்தாலும் என்னைத் தலைகீழாகக் கடலில் தூக்கிப் போடுங்கள் என்கிறாள். பொம்மை இப்படிப் பேசாது.

மற்றவர்களில் பலர் பொம்மைகள்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். முப்பது சின்ன அத்தியாயங்களில் உலகத்தையே சுற்றிவருகிற கதையில் ஒவ்வொருவருக்கும் மனசு வைத்து எழுத இடமில்லை. ஆனால் வேகமாக ஓடுகிற அந்தக் கதை பத்தொன்பதாம் அத்தியாயத்தில் நிற்கிறது. தென் அமெரிக்காவின் சுரினாம் நகருக்குப் போகும் வழியில் ஒரு கறுப்பின அடிமை தரையில் கிடக்கிறார். இடது கால் இல்லை, வலது கை இல்லை. சர்க்கரை ஆலையில் விரல் மாட்டினால் கையை வெட்டுவார்கள், தப்பி ஓடினால் காலை வெட்டுவார்கள், எனக்கு இரண்டும் நடந்தது, ஐரோப்பாவில் நீங்கள் சர்க்கரை சாப்பிடுவது இந்த விலையில்தான் என்கிறார். இங்கே வால்டேர் எதையும் பெரிதுபடுத்தவில்லை. மறுபடி தப்பி ஓடிய அடிமையின் முழங்காலுக்குப் பின்னால் உள்ள நரம்பை அறுக்கலாம் என்று பிரான்சின் 1685-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. குருவின் கொள்கையைக் கைவிடத்தான் வேண்டும் என்று காண்டீட் முதல்முறையாகச் சொல்வது இந்த மனிதர் முன்னால்தான். அழுதுகொண்டேதான் ஊருக்குள் போகிறான். இதைப் படித்துவிட்டு வால்டேர் துயரத்தைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இன்னொன்று. கதையில் ஒரு ஆங்கிலேயத் தளபதியைக் கப்பல் தளத்தில் சுட்டுக் கொல்கிறார்கள். அது அட்மிரல் பிங்குக்கு 1757 மார்ச்சில் நிஜமாக நடந்தது. அவரைக் காப்பாற்ற முன்கூட்டியே கடிதம் எழுதி முயற்சி செய்தவர் வால்டேர், பலிக்கவில்லை.

காண்டீட்டின் பிற்காலப் பயணத் துணையான மார்ட்டினைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எல்லாம் கெட்டதற்கே என்பது அவர் கட்சி. பாங்லாஸுக்கு எதிர்ப்பதம் என்பதால் வால்டேர் அவர் பக்கம் என்று பல நோட்ஸ்களில் எழுதியிருக்கும், நம்பாதீர்கள். அவர் சொல்வது அடிக்கடி பலிக்கிறது, உண்மை. ஆனால் எல்லாமே கெட்டது என்றால் இதை என்ன சொல்வது? பாங்லாஸைக் கப்பலில் துடுப்புப் போடும் அடிமை வாழ்விலிருந்து வைரத்தை விற்று மீட்பது காண்டீட். தன்னைத் தடுத்த, தனக்கு எண்ணெய் கொண்டுவராத அதே குருவை. கடைசிவரை தன் பண்ணையில் வைத்துச் சோறும் போடுகிறான்.

வால்டேரிடம் சண்டை போட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, நீங்கள் அதைத் தொடவே இல்லை. காண்டீட்டின் காதலி க்யூனகோந்த். போரில் பலாத்காரத்துக்கு ஆளாகி, வயிற்றில் கத்திக்குத்து வாங்கி, இரண்டு ஆண்கள் பங்குபோட்டுக்கொண்ட பெண் அவள். இத்தனைக்கும் பிறகு ஆசிரியர் அவளிடம் கண்டுபிடிக்கும் பெரிய குறை, அழகு போய்விட்டது என்பது. கிழவிக்குக் கிடைத்த மரியாதையில் பாதிகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. அவளை வைத்திருக்கும் யூத வணிகரை வரைந்த விதமும் அந்தக் காலத்து வெறுப்பை அப்படியே சுமந்திருக்கிறது. கொடூரம் என்ற உங்கள் குற்றச்சாட்டை இந்த இரண்டு பேர் விஷயத்தில் வையுங்கள். ஏழு, எட்டு, இருபத்தொன்பதாம் அத்தியாயங்களை மேற்கோள் காட்டி எழுதுங்கள், அங்கே நானும் உங்கள் பக்கம்தான்.