ஆலை மூடிய பிறகு கையில் 9 மாதச் சம்பளம்: கடனை அடைப்பதா, பயிற்சியில் சேர்வதா?

கேள்வி: எனக்கு வயது 46. கிராமத்தில் குடும்பத்தோடு இருக்கிறேன். 17 வருடம் மெஷின் ஆபரேட்டராக வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். இழப்பீடாக 9 மாதச் சம்பளம் கிடைத்திருக்கிறது. வீட்டுக் கடன் தவணை பழைய சம்பளத்தில் கால் பங்கு. மொத்த வீட்டுச் செலவு, தவணையும் சேர்த்து, 70 சதவீதம். மனைவி தையல் வேலையில் என் சம்பளத்தில் 15 சதவீதம் அளவுக்குச் சம்பாதிக்கிறார். 45 கிலோமீட்டர் தள்ளி நகரத்தில் அரசு நடத்தும் இலவச மறுபயிற்சி இருக்கிறது: தொழிற்சாலை மின் பராமரிப்பு, 6 மாதம், அடுத்த பேட்ச் 2 மாதம் கழித்துத்தான். அதே நகரத்தில் ஒரு தனியார் மையம் கணினிக் கணக்கியலுக்கு அடுத்த வாரமே சேரச் சொல்கிறது. அதுவும் 6 மாதம், கட்டணம் 4 மாதச் சம்பளம், 'வேலை உத்தரவாதம்' என்கிறார்கள். இழப்பீட்டில் வீட்டுக் கடனைக் குறைத்துவிட்டால் நிம்மதி என்று வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: கடனை இப்போது தொடாதீர்கள். தனியார் மையத்துக்குப் பணம் கட்டாதீர்கள். அரசுப் பயிற்சியில் சேரலாம், ஆனால் பெயர் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் விசாரிக்க வேண்டிய வேலை இருக்கிறது.

பயிற்சிக்கு ஆகும் பெரிய செலவு கட்டணம் இல்லை, சம்பளம் வராத மாதங்கள்தான். உங்கள் பழைய மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். கையில் 900 இருக்கிறது. செலவு 70, மனைவியின் வருமானம் 15, ஆக மாதாமாதம் 55 பள்ளம் விழுகிறது. பயிற்சிக்குப் போய்வர ஒரு நாளைக்கு 90 கிலோமீட்டர், மாதம் 22 நாள் என்றால் 1,980 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் இருசக்கர வாகனத்துக்கு 44 லிட்டர் பெட்ரோல் வேண்டும். டயர், ஆயில், வெளிச் சாப்பாடு எல்லாம் சேர்த்து 12 என்று வையுங்கள். பேட்ச் தொடங்கும்வரை 2 மாதம், 110. பயிற்சி 6 மாதம், மாதம் 67 வீதம் 402. வேலை தேட 3 மாதம், அலைச்சல் செலவோடு மாதம் 60 வீதம் 180. வேலையில் சேர்ந்தாலும் முதல் சம்பளம் வர ஒரு மாதம் ஆகும், அதற்கு 67. டூல்ஸ், தேர்வுக் கட்டணம் 40. மொத்தம் 799. மீதி சுமார் 100 நிற்கிறது.

தனியார் மையத்துக்கு 400 கட்டினால் பயிற்சி முடியும் அன்று கையில் 98தான் இருக்கும். அதை வைத்து வேலை தேட ஒன்றரை மாதம் தாங்கும். அதற்குமேல் கந்துவட்டிதான், அல்லது கிடைத்த கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான். இப்படிப் பணம் தீர்ந்து பாதியில் நிற்பவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். கட்டணமும் போகும், சான்றிதழும் வராது.

இதே காரணத்துக்காகத்தான் கடனையும் இப்போது தொட வேண்டாம் என்கிறேன். மொத்தமாக ஒரு தொகை கட்டினால் பெரும்பாலும் கடன் முடியும் காலம்தான் குறையும். மாதத் தவணை அப்படியே நிற்கும். கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. பதிலாக, ஒரு தவணைகூடத் தவறாத இப்போதே கடன் கொடுத்த இடத்துக்குப் போய், வேலை போன கடிதத்தைக் காட்டி, 6 மாதத்துக்கு வட்டி மட்டும் கட்ட அனுமதி கேளுங்கள். இதனால் பிற்காலத்தில் மொத்த வட்டி கொஞ்சம் கூடும். கூடட்டும், உங்களுக்கு இப்போது தேவை அவகாசம். இரண்டு தவணை தவறிய பிறகு போய்க் கேட்டால் அதே மேஜையில் பேச்சு வேறு மாதிரி இருக்கும். ஒரே விதிவிலக்கு, கிரெடிட் கார்டு பாக்கியோ தனிநபர் கடனோ இருந்தால் அதை முதலில் அடைத்துவிடுங்கள்.

இனி அந்த ஒரு வார விசாரணை. வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்வரக்கூடிய தூரத்துக்குள் மின் பராமரிப்புக்கு ஆள் வைத்திருக்கும் 10 இடங்களைப் பட்டியலிடுங்கள்: ஆலைகள், குளிர்பதனக் கிடங்கு, மருத்துவமனை, குடிநீர் நிலையம், மோட்டார் பழுது பார்ப்பவர்கள். நேரில் போய் மூன்றே கேள்வி கேளுங்கள். போன 12 மாதத்தில் இந்த வேலைக்கு எத்தனை பேரை எடுத்தீர்கள்? எந்தச் சான்றிதழ் இருந்தால்தான் எடுப்பீர்கள்? புதிதாகப் படித்து வரும் 46 வயதுக்காரருக்கு என்ன சம்பளம் கொடுப்பீர்கள்? கிராமப்புறத்தில் மறுபயிற்சி தோற்றுப்போவது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். மையம் ஒரு பேட்சுக்கு 20 பேரை அனுப்பும். சுற்றுவட்டாரத்தில் வருடத்துக்கு 4 பேருக்குத்தான் வேலை இருக்கும். அடுத்த பேட்சும் அதே தொழிலில் வந்து நிற்கும். பத்து இடத்திலும் சேர்த்து ஐந்தாறு பேரைக்கூட எடுக்கவில்லை என்றால் அந்தத் தொழில் வேண்டாம், வேறு பிரிவைக் கேளுங்கள்.

கேட்கப் போகும் இடத்திலேயே இன்னொன்றும் பேசிப்பாருங்கள். வேலையில் வைத்துக்கொண்டே பழக்குவதற்கு முதலாளிக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு ஈடுகட்டும் திட்டங்கள் பல நாடுகளில் உண்டு. உங்கள் பகுதியில் அது இருந்தால் வகுப்பறைப் பயிற்சியைவிட அதுதான் மேல். முதல் மாதமே சம்பளம் வரும்.

மின் பராமரிப்பை நான் ஆதரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. 17 வருடம் மெஷின் அருகில் நின்றவருக்குச் சத்தத்தை வைத்தே பேரிங் போய்விட்டது என்று தெரியும். அந்த அறிவின் மேல் மின்சாரத்தை ஏற்றினால் போதும். கணக்கியலில் நீங்கள் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1990களின் தொடக்கத்தில் வேலை இழந்து கல்லூரிக்குத் திரும்பியவர்களை ஆராய்ந்தபோது, ஒரு வருடப் படிப்பு பிற்கால வருமானத்தை ஆண்களுக்குச் சராசரியாகச் சுமார் 9 சதவீதமும் பெண்களுக்கு 13 சதவீதமும் உயர்த்தியது தெரிந்தது. தொழில்நுட்பம், கணிதம், அறிவியல் படித்தவர்களைத் தனியாகப் பார்த்தால் 14, 29. மற்ற படிப்புகளில் பலன் மிகக் குறைவு. உலகம் முழுவதும் நடந்த 200க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது: பயிற்சியின் பலன் முதல் வருடத்தில் அநேகமாகத் தெரிவதில்லை, இரண்டு மூன்று வருடத்தில்தான் தெரிகிறது. படிப்பு முடிந்த உடனே வேலை வந்துவிடும் என்று நம்ப முடியாது, அதனால்தான் வேலை தேட 3 மாதத்தைக் கணக்கில் வைத்தேன்.

மையத்துக்கு வகுப்பு நடக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். 20 பேர், வேலை செய்யும் பேனல் போர்டு 2, செய்முறை 4 மணி நேரம் என்றால் ஒருவர் கையில் டெஸ்டர் பிடிப்பது நாளுக்கு 24 நிமிடம்தான். அது போதாது. போன இரண்டு பேட்சில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர், 6 மாதம் கழித்து அதே தொழிலில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். அதில் மூன்று பேரிடம் நீங்களே பேசுங்கள். வருகைப் பதிவு எத்தனை சதவீதம் கட்டாயம் என்பதும் முக்கியம். மழை நாளில் 45 கிலோமீட்டர் வர முடியாமல் போனால் தேர்வு எழுத விடுவார்களா? தனியார் மையத்தின் 'உத்தரவாதம்' எழுத்தில் என்னவாக இருக்கிறது என்றும் பாருங்கள். பெரும்பாலும் 'உதவி' என்றிருக்கும், அல்லது தொலைதூர நகரத்தில் எந்தச் சம்பளத்துக்கு ஒரு வேலையைக் காட்டினாலும் வாக்கு நிறைவேறியதாக இருக்கும்.

வேலையிழப்பு உதவித்தொகை வாங்குகிறீர்கள் என்றால், பயிற்சியில் சேர்ந்தால் அது நிற்குமா என்று சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'வேலைக்குத் தயாராக இருக்க வேண்டும்' என்ற விதி பல நாடுகளில் உண்டு. அனுமதி வாங்காத படிப்பு அதைக் கெடுத்துவிடும். பயிற்சிக்கால உதவித்தொகை தாமதமாக வருவது சகஜம், அதை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள். ஆலை வழியாக இருந்த மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியோடு முடிகிறது, இழப்பீட்டுக்கு வரி உண்டா என்பதையும் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். நான் போட்ட கணக்கில் இவை இல்லை. மீதி நிற்கும் அந்த 100தான் இவற்றுக்கு.

பணத்தை வைக்கும் முறை எளிது. 200ஐ சேமிப்புக் கணக்கில் வையுங்கள். மீதியை 3, 6, 9 மாதத்தில் முதிரும் வைப்புத்தொகைகளாகப் பிரித்துப் போடுங்கள். மாதம் 1ஆம் தேதி 55 மட்டும் வீட்டுக்கு எடுங்கள், சம்பளம் வந்தது போல. பயிற்சி மாதங்களில் 67. பங்குச் சந்தையும் வேண்டாம், கைமாற்றும் வேண்டாம். பணம் வந்திருப்பது தெரிந்தால் கேட்டு வருவார்கள். 'எல்லாம் டெபாசிட்டில் போட்டுவிட்டேன்' என்று சொல்லலாம், அது உண்மையும்கூட.

கடைசியாக, எந்தச் சம்பளத்துக்குச் சரி என்று சொல்வது என்பதை இப்போதே முடிவு செய்து வையுங்கள். வீட்டுப் பள்ளம் 55, பயணம் 12, ஆக 67க்குக் கீழே போனால் சேமிப்பு கரையும். ஒரு மணி நேரத் தூரத்தில் 75 கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் தங்கிப் பார்க்கும் வேலைக்கு 90 கொடுத்தாலும், அங்கே வாடகையும் சாப்பாடும் 30 ஆகும் என்றால் வீட்டுக்கு வருவது 60தான். பக்கத்து வேலையின் 75இல் பயணம் 12 போக நிற்கும் 63ஐவிட அது குறைவு.