கேள்வி – பதில்: தோட்டக் கிணறும் உவரும்

கேள்வி: அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் உப்பைக் குறைக்க, கமக்காரரின் நீர்ப்பாசனத்தைத் திருத்தினார்களாம். ஆறில்லாத எங்கள் ஊருக்கு அதில் ஏதாவது பயன் உண்டா?
– வாசகர், அச்சுவேலி

பதில்: முறை பயன்படும், காரணம் வேறு. கொலராடோ ஆற்று உப்பில் ஏறத்தாழப் பாதி இயற்கையாகச் சேர்வது. மீதியில் பெரும்பங்கு பாசனத்தால் வருவது. கிராண்ட் வலி பள்ளத்தாக்கு போன்ற பகுதிகளில் வயலுக்கு அடியில் உப்புச் செறிந்த களிப்பாறை கிடக்கிறது. மண் வாய்க்காலில் கசியும் நீரும், அளவுக்கு மிஞ்சிப் பாய்ச்சும் நீரும் அதில் ஊறி உப்பைக் கரைத்து ஆற்றில் சேர்க்கும். 1974 இல் சட்டம் இயற்றி, வாய்க்கால்களுக்குக் கொங்கிறீற் போட்டார்கள். கிளை வாய்க்கால்களைக் குழாய்களாக மாற்றினார்கள். கசிவு குறைய, ஆற்றுக்குப் போகும் உப்பும் குறைந்தது.

எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லில் அப்படி உப்பு இல்லை. மழைநீர் கடல்நீருக்கு மேலே மிதக்கிறது. உவர் கீழிருந்துதான் வரும். அங்கே கசிவை மறித்தார்கள், இங்கே இறைப்பைக் குறைக்க வேண்டும். குழாய் இரண்டுக்கும் பொது.

கேள்வி: சின்ன வெங்காயத்துக்கு இறைக்கிறேன். காலையில் நல்ல தண்ணீர், மிசின் ஒரு மணித்தியாலம் ஓடியதும் உவர்க்கிறது. கிணற்றை இன்னும் ஆழமாக்கலாமா?
– வாசகர், புன்னாலைக்கட்டுவன்

பதில்: வேண்டவே வேண்டாம். கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கலாம் என்பது கணக்கு. நன்னீர் மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கி அப்படியே நின்றால், உவர் எல்லை காலப்போக்கில் 4 மீற்றர் ஏறும். வேகமாக இறைத்தால் கிணற்றுக்கு நேர் கீழே அது கூம்பாகக் கிளம்பும். நீங்கள் காண்பது இதைத்தான். ஆழமாக்கினால் அந்தக் கூம்பை நீங்களே போய்த் தொடுவீர்கள்.

முதலில் மிசின் எவ்வளவு தள்ளுகிறது என்று பாருங்கள். 200 லீற்றர் பீப்பா 40 செக்கனில் நிரம்பினால் நிமிடத்துக்கு 300 லீற்றர். ஒரு பரப்பு சுமார் 253 சதுர மீற்றர். அதில் 1 மில்லிமீற்றர் தண்ணீர் 253 லீற்றர். வெங்காயத்துக்குக் கோடையில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் என்று வைத்தால், மூன்று நாளுக்கு ஒருமுறை பாய்ச்ச 3,800 லீற்றர் போதும். அதாவது பரப்புக்கு 13 நிமிடம். உங்களுக்கு அரை மணித்தியாலம் பிடிக்கிறதென்றால் மீதி செம்மண் வாய்க்காலில் போகிறது. தண்ணீர் பாத்தியின் கடைசி வரம்பைத் தொடுமுன்பே தலைப்பக்கம் வேருக்குக் கீழே இறங்கிவிடும். வாய்க்காலுக்குப் பதில் பீவீசீ குழாய் போட்டு, பாத்திக்குப் பாத்தி வாய் வையுங்கள். நீண்ட பாத்திகளைக் குறுக்கிக் கட்டுங்கள்.

பிறகு சிறிய மிசினால் காலையும் மாலையும் பிரித்து இறையுங்கள். தண்ணீரின் உப்பைக் காட்டும், பேனை போன்ற மின்கடத்துதிறன் மானி ஒன்றால் தொடக்கத்திலும் 15 நிமிடத்துக்கு ஒருமுறையும் அளந்து குறியுங்கள். அளவு கால்வாசி கூடினால் நிறுத்துவது நல்லது. வெங்காயத்துக்கு அந்த மானியில் மீற்றருக்கு 0.8 டெசிசீமன்ஸ் வரை நட்டமில்லை, 1.2 இல் விளைச்சல் சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும், 1.8 இல் கால்வாசி. தண்ணீர் அதற்கு மேலே போகும் தோட்டத்தில் பீற்றூட் போடலாம், அது 2.7 வரை தாங்கும். கரட், போஞ்சி எண்ணவே வேண்டாம்.

கேள்வி: சொட்டு நீர்க் குழாய்த் துளைகளில் வெள்ளையாகப் படிந்து அடைக்கிறது. உப்பா?
– வாசகர், உரும்பிராய்

பதில்: ஒரு துளி வினாகிரி விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு; கழற்றி எறியத் தேவையில்லை. ஐதரோகுளோரிக் அமிலத்தைத் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பி.எச். தாளில் 4 காட்டும்வரை கலக்குங்கள். அமிலத்துக்குள் தண்ணீர் ஊற்றினால் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் அவசியம். குழாய்களில் நிரப்பிச் சில மணித்தியாலம் விட்டு, கடைசி முனைகளைத் திறந்து தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள். 120 மெஷ் வடிகட்டியை அடிக்கடி கழுவுங்கள். சுப்பர் பொஸ்பேற்றை இந்தக் குழாய்க்குள் விடாதீர்கள். கல்சியத்தோடு சேர்ந்து கட்டியாகும்.

கேள்வி: மண்ணில் வெள்ளை பூக்கிறது. கூடுதலாகத் தண்ணீர் கட்டிக் கழுவலாமா?
– வாசகர், நீர்வேலி

பதில்: கோடையில் கூடாது. 1 டெசிசீமன்ஸ் நீரில் 1,000 லீற்றருக்கு ஏறத்தாழ 640 கிராம் உப்பு இருக்கும், கழுவப்போய் உப்பையே சேர்ப்பீர்கள். யூரியாவின் நைத்திரேற்றும் கிணற்றுக்கு இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழை இலவசமாகக் கழுவும்: அதற்கு முன் வரம்பு கட்டி, மண்ணைக் கொத்தி விடுங்கள். சொட்டு நீர் போடுபவர்கள் முதல் தூறலுக்கு மோட்டரை நிறுத்த வேண்டாம். ஈரத்தின் ஓரத்தில் ஒதுங்கிய உப்பை அந்தத் தூறல்தான் வேருக்குத் தள்ளும். நல்ல மழை இறங்கிய பிறகு நிறுத்தினால் போதும்.