கேள்வி பதில் பக்கம்: கயானாவுல தப்பு காய்ச்சுறாங்க

போன இதழ்ல கலைஞர்களுக்கு மரியாதை செய்யுறதப் பத்தி எழுதுறப்போ, தென் அமெரிக்காவுல கயானான்னு ஒரு சின்ன நாடு இதுல ரொம்ப அக்கறையா இருக்குன்னு ரெண்டே வரி சொல்லிட்டுப் போயிட்டேன். அந்த ரெண்டு வரியப் புடிச்சு இத்தனை பேரு கேப்பீங்கன்னு நெனக்கல. அதனால இந்த மாசம் முழுக்க கயானா தான்.

துவாஸ்லருந்து ஒரு தம்பி: அக்கா, நான் ஷிப்யார்டுல வெல்டர். 2019ல லிசா டெஸ்டினின்னு ஒரு பெரிய எண்ணெய்க் கப்பல இங்க ரெடி பண்ணி கயானாவுக்கு அனுப்புனாங்க, நானும் அதுல வேலை பாத்திருக்கேன். அந்த ஊர்ல நம்ம ஆளுங்க இருக்காங்கன்னு ரூம்மேட் சொல்றான். பாட்டுக்காரங்களுக்கெல்லாம் கவர்மெண்ட்டே பட்டம் குடுக்குதாமே, நிஜமா?

தம்பி, ரூம்மேட் சரியாத்தான் சொல்லியிருக்காரு. மொதல்ல ஊரச் சொல்லிடுறேன், கானா வேற கயானா வேற, நெறைய பேரு குழப்பிக்கிறாங்க. கயானா தென் அமெரிக்காவோட வடக்குக் கரையில இருக்கு, சுத்தி வெனிசுவேலா, பிரேசில், சுரிநாம். நம்ம சிங்கப்பூர் மாதிரி கிட்டத்தட்ட 290 மடங்கு நிலம், ஜனம் என்னவோ 8 லட்சம் வாக்குல தான். நீங்க வேலை பாத்த கப்பல் அந்த வருஷம் ஆகஸ்ட்ல அங்க போய்ச் சேந்து, டிசம்பர்ல கயானாவோட மொதல் எண்ணெய் வெளிய வந்துச்சு, அத நெனச்சு நீங்க தாராளமா பெருமைப்படலாம்.

நம்ம ஆளுங்க கதை அதுக்கு ரொம்ப முந்தி. 1838லருந்து 1917 வரைக்கும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா 2 லட்சத்து 38 ஆயிரம் பேருக்கு மேல கப்பல்ல கூட்டிட்டுப் போனாங்க, முக்காவாசி கல்கத்தாவுலருந்து போனவங்க, ஆனா மெட்ராஸ்லருந்தும் ஒரு 15 ஆயிரம் பேரு ஏறியிருக்காங்க, அவங்க வம்சத்த இன்னைக்கும் அங்க 'மதராசி'ன்னு தான் கூப்பிடுறாங்க. 2015லருந்து 2020 வரைக்கும் பிரதமரா இருந்தவரு பேரு மோசஸ் வீராசாமி நாகமுத்து, பேரக் கேட்டாலே தெரியுதுல்ல. பேச்சுத்தமிழ் வீட்டுல நின்னு போச்சு. ஆனா கோயில்ல நிக்கல. கயானாவோட கிழக்குல இருக்குற பெர்பீஸ் பக்கம் மாரியம்மனுக்குப் பூசை போடுறப்போ அங்க தப்பு மேளம் அடிக்கிறாங்க, அத தப்புன்னே தான் சொல்றாங்க, உடுக்கைக்கு உடுக்கைய ஒட்டுன பேரு, கரகத்துக்கு கரகம், மதுரை வீரனும் கூடவே இருக்காரு. பூசைக்கு முன்னாடி தீ மூட்டி, தோலக் காட்டிக் காட்டிக் காய்ச்சி, விரலால தட்டிப் பாத்து, சத்தம் கிண்ணுன்னு வந்தப்புறம் தான் எடுத்து மாட்டுறாங்க. நம்மூர்ல காய்ச்சுற அதே முறை. பாட்டோட அர்த்தம் பாடுறவங்கள்ல பல பேருக்குத் தெரியாது, காதால கேட்டு அப்படியே அடுத்த தலைமுறைக்குக் குடுத்திருக்காங்க. இத மொதல் தடவ படிச்ச அன்னிக்கு எனக்கு வேற வேலையே ஓடல.

பட்டத்துக்கு வரேன். 1966 மே 26 சுதந்திரம், 1970 பிப்ரவரி 23 குடியரசு ஆனாங்க, ஆன கையோட அந்த வருஷமே சொந்தமா விருதுகள ஏற்படுத்திட்டாங்க. பிரிட்டிஷ் ராணி குடுக்குற பேருங்க வேணாம், நம்ம மண்ணுலருந்தே பேரு வேணும்னு வச்ச மாதிரி இருக்கும் ஒவ்வொண்ணும். ஒண்ணு ரொரைமா மலையோட பேருல. ஒண்ணு 'கசீக் கிரவுன் ஆஃப் ஹானர்', கசீக்ன்னா பழங்குடித் தலைவரு, அவரு தலையில வைக்கிற கிரீடம். இன்னொண்ணு 'கோல்டன் ஆரோ ஆஃப் அச்சீவ்மெண்ட்', தங்க அம்பு, அவங்க கொடியிலயும் அந்த அம்பு முனை தான் இருக்கு. டாக்டர், நீதிபதி, வாத்தியாருக்குக் குடுக்குற அதே பதக்கத்தத் தான் பாடுறவங்களுக்கும் வரையிறவங்களுக்கும் குடுக்குறாங்க. கலைஞருக்குன்னு தனியா ஒரு சின்ன மூலை கிடையாது, அது தான் எனக்குப் புடிச்சது.

உட்லண்ட்ஸ்லருந்து ஒரு வாசகி: கயானா இசைன்னா என்ன? மேற்கிந்தியத் தீவுன்னாலே கலிப்சோ, ரெகே தானே?

கலிப்சோவும் உண்டு, இந்திய வம்சாவளி ஆளுங்களோட சட்னிப் பாட்டும் உண்டு (ஆமா, நம்ம தொட்டுக்குற சட்னி தான் பேரு). ஆனா அவங்களுக்கே அவங்களுக்குன்னு ஒண்ணு இருக்கு, அதுக்குப் பேரு ஷாண்டோ. பில் ரோஜர்ஸ்ன்னு ஒருத்தரு 1934ல நியூயார்க் போய் ரெக்கார்டு பண்ணிட்டு வந்தாரு. அதுல ஒரு பாட்டு, தெருவுல மூலிகை விக்குற ஒரு பாட்டியம்மா கூடையில என்னென்ன வச்சிருக்காங்கன்னு இலை இலையா, வேர் வேரா மூச்சு விடாம அடுக்குவாரு, தேக்காவுல நாட்டு மருந்துக் கடை முன்னாடி நின்னு ஒவ்வொரு டப்பாவா பேரு படிச்ச மாதிரியே இருக்கும். 90 வருஷம் கழிச்சு இன்னைக்குக் கேட்டாலும் அந்தப் பாட்டி நம்ம முன்னாடி வந்து நிக்கிறாங்க.

செங்காங்லருந்து ஒரு அம்மா: என் பொண்ணு ஓ லெவல் முடிச்சுட்டு ஓவியம் படிக்கணும்னு ஒரே அடம். ஓவியர்கள ஒரு நாடு மதிக்குமா? சும்மா மேடையில பொன்னாடை போத்துறதோட சரியா?

ஆறுதலுக்கு எதுவும் சொல்லப் போறதில்ல, ரெண்டு ஆளுங்க கதைய மட்டும் சொல்றேன்.

ஆப்ரி வில்லியம்ஸ், 1926ல ஜார்ஜ்டவுன்ல பொறந்தவரு, வயித்துப் பொழப்புக்கு விவசாய அதிகாரி வேலை. அவர வடமேற்குக் காட்டுப் பக்கம் வாராவ் பழங்குடி மக்கள் இருக்குற எடத்துக்கு மாத்துனாங்க. ரெண்டு வருஷம் அங்க இருந்தவரு, கலைன்னா என்னன்னே அங்க தான் எனக்குப் புரிஞ்சுச்சுன்னு பின்னாடி சொல்லியிருக்காரு. 1952ல லண்டன் போனாரு, அங்க கஷ்டமும் பட்டாரு, ஆனா வரைஞ்சதெல்லாம் அந்தக் காட்டு மக்களோட குறியீடும் நெறமும் தான். 1970ல, விருது ஆரம்பிச்ச அதே வருஷம், நாடு அவருக்குத் தங்க அம்பக் குடுத்துச்சு, 1986ல கசீக் கிரீடத்தையும் குடுத்துச்சு. பழங்குடிகிட்ட போய்க் கத்துக்கிட்ட மனுஷனுக்கு பழங்குடித் தலைவரோட கிரீடம் பேருல பட்டம், இத விடப் பொருத்தமா எப்படிம்மா குடுக்க முடியும்? 1990ல தான் காலமானாரு, அப்போ ரெண்டையும் கையில வாங்கிப் பாத்துட்டுத் தான் போனாரு.

இன்னொருத்தரு ஃபிலிப் மூர், பெர்பீஸ் பக்கத்து கிராமத்து ஆளு, தானா கத்துக்கிட்டவரு. 1763ல பெர்பீஸ்ல அடிமைங்க கிளர்ச்சி பண்ணாங்க, தலைமை தாங்குனவரு பேரு கஃபி. அவருக்கு சிலை வைக்கணும்னு வந்தப்போ மூர் கிட்ட குடுத்தாங்க, 1976ல தலைநகர்ல தெறந்தாங்க, 15 அடி வெண்கலம். நாம பாத்துப் பழகுன தலைவர் சிலை மாதிரி கைய நீட்டிக்கிட்டு நிக்காது. வாய் பிதுங்கிக்கிட்டு எதுக்கும் பணிய மாட்டேன்ங்குற மாதிரி இருக்கும், உடம்பு பூரா முகம் முகமா செதுக்கியிருக்கும், ரெண்டு கையிலயும் ஒரு நாயையும் ஒரு பன்றியையும் கழுத்த நெரிச்சுப் புடிச்சிருப்பாரு. நாய் பேராசைக்கு, பன்றி அறியாமைக்கு. ஒரு கிராமத்து ஆளோட கற்பனைய நம்பி நாட்டோட முக்கியமான சதுக்கத்தையே ஒப்படைச்சிருக்காங்கன்னா, அது பொன்னாடைய விடப் பெருசு.

அங்க ஈ. ஆர். பர்ரோஸ்ன்னு ஒரு வாத்தியார், சாதாரண உழைக்குற ஜனங்களுக்குன்னே ஓவிய வகுப்பு நடத்துனவரு, 1966ல எறந்தாரு, 1975ல அரசாங்க ஓவியப் பள்ளிக்கு அவரு பேரு வச்சாங்க. பொண்ணு படிக்கட்டும். கூடவே கைக்கு ஒரு தொழிலும் இருக்கட்டும், வில்லியம்ஸுக்கு அந்த விவசாய வேலை தான் வாழ்க்கையையே தெறந்து விட்டுச்சு.

அங் மோ கியோவுலருந்து ஒரு பெரியவர்: எழுபது வயசாச்சும்மா. எங்க காலத்துல உறுமி அடிச்சவங்க, கோயில் கோயிலா பாடுனவங்க எத்தனையோ பேரு, ஒருத்தர் பேரும் இன்னைக்கு யாருக்கும் தெரியாது. செத்தப்புறம் குடுக்குற விருது எதுக்கு?

ஐயா, உங்க கேள்விய நாலு தடவ படிச்சேன். கயானாவும் இதுல தவறியிருக்கு. ருடால்ஃப் டன்பார்ன்னு ஒரு கறுப்பின இசைக்கலைஞர், 14 வயசுல அங்க ராணுவ பேண்டுல சேந்து கிளாரினெட் கத்துக்கிட்டவரு, 1945ல, போர் முடிஞ்ச கையோட, பெர்லின் ஃபில்ஹார்மோனிக்ங்குற பேர்போன இசைக்குழுவ முன்னாடி நின்னு நடத்துனாரு, அந்த எடத்துல நின்ன மொதல் கறுப்பினத்தவர் அவரு தான். 1988ல லண்டன்ல எறக்குறப்போ அவர நெனவு வச்சிருந்தவங்க ரொம்பக் கம்மி. அவ்ளோ பெரிய ஆளுக்கே அந்த நெலமை.

நம்ம ஊர்ல 1979லருந்து கலாசாரப் பதக்கம் இருக்கு, நடனத்துக்கு மாதவி கிருஷ்ணன் அந்த மொத வருஷமே வாங்குனாங்க, கவிஞர் க.து.மு. இக்பால் 2014ல வாங்குனப்போ நாம எல்லாருமே சந்தோஷப்பட்டோம். நல்ல விஷயம், கொறையே சொல்ல மாட்டேன். ஆனா எழுதுறவங்க, மேடையில ஆடுறவங்க இவங்களுக்கு வேலையோட தடயம் இருக்கு, புத்தகம் இருக்கு, போட்டோ இருக்கு. தப்பு அடிக்கிறவருக்கும் உறுமி இழுக்குறவருக்கும் என்ன இருக்கு? பெர்பீஸ்ல அந்தத் தப்பு 150 வருஷத்துக்கு மேல உயிரோட இருக்குன்னா காய்ச்சுன கைங்க எத்தனை இருந்திருக்கும், ஒரு பேரு தெரியுமா நமக்கு?

என் பெரியப்பா செம்பவாங் பக்கம் உறுமி வாசிச்சவரு. அந்த வளைஞ்ச குச்சிய வச்சுத் தோல் மேல தேய்க்குறப்போ அடி வயித்துலருந்து ஒரு உறுமல் வரும், சின்ன வயசுல பயந்து அம்மா முந்தானைய புடிச்சுக்குவேன். அவரு போயி ஆறு மாசம் கழிச்சு ஒரு சங்கத்துல கூப்பிட்டு கேடயம் குடுத்தாங்க, பெரியம்மா போய் வாங்குனாங்க, பேருல ஒரு எழுத்து தப்பா அடிச்சிருந்துச்சு. பெரியம்மா ஒண்ணுமே சொல்லல, வீட்டுக்கு வந்து அத அலமாரிக்குள்ள திருப்பி வச்சாங்க. அவரு வாசிச்சது ஒரு நிமிஷம் கூட எங்க வீட்டுல பதிவா இல்ல.

அதனால ஐயா, விருதுக்குக் காத்திருக்க வேணாம். உங்களுக்குத் தெரிஞ்ச பேருங்கள எல்லாம் இந்த வாரமே பேரப்பிள்ளைய உக்கார வச்சு எழுதச் சொல்லுங்க, யாரு எந்தக் கோயில்ல வாசிச்சாங்க, மேளம் யாரு கட்டுனது, யாருகிட்ட கத்துக்கிட்டாங்க, எல்லாம். இன்னும் வாசிக்கிறவங்க இருந்தா போன்ல ரெக்கார்டு பண்ணுங்க, ஆரம்பத்துல தேதியும் பேரும் வாயால சொல்லிடணும், அது ரொம்ப முக்கியம். தேசிய ஆவணக் காப்பகத்துல வாய்மொழி வரலாறு எடுக்குற பிரிவும் 1979லருந்தே இருக்கு. எழுதுனத எனக்கும் அனுப்புங்க, பேருங்கள இந்தப் பக்கத்துலயே போடுறேன், ஒரு எழுத்தும் தப்பாம நானே சரி பாக்குறேன்.

ஈசூன்லருந்து ஒரு மாணவர்: ஒரே ஒரு கயானா பாட்டு கேக்கணும்னா எது?

டேவ் மார்ட்டின்ஸோட 'நாட் எ பிளேட் ஆஃப் கிராஸ்'. 1966ல டொராண்டோவுல டிரேட்விண்ட்ஸ்ன்னு பேண்ட் ஆரம்பிச்சவரு, வெளிநாட்டுலயே ரொம்ப நாள் இருந்துட்டு கடைசியில ஊருக்கே திரும்பி வந்து பேப்பர்ல வாராவாரம் பத்தி எழுதுனாரு, 2024ல காலமானாரு. கயானா நிலத்துல மூணுல ரெண்டு பங்கு, எஸிக்கிபோ பகுதி, எங்களுதுன்னு வெனிசுவேலா கேட்டுக்கிட்டே இருக்கு, அதுக்குப் பதிலா வந்த பாட்டு இது, ஒரு புல்லக் கூடத் தர மாட்டோம்னு. அங்க இத ரெண்டாவது தேசிய கீதம்னே சொல்லுவாங்க. மொத தடவ வார்த்தையப் பாக்காம கேளுங்க தம்பி, ரெண்டாவது தடவ வார்த்தையோட.