ஒத்திகையில் எங்களுக்கு என்ன வேலை?

கேள்வி: போன மாதம் பக்கத்து ஆஸ்பத்திரியில் அனர்த்த ஒத்திகை நடந்தது. வாசலில் நின்ற எங்கள் ஆட்டோக்களை எல்லாம் விரட்டிவிட்டுத்தான் தொடங்கினார்கள். உண்மையாக ஒன்று நடந்தால் காயக்காரரை ஏற்றி வரப்போவது நாங்கள்தானே? எங்களை வைத்துக்கொண்டு பழகினால் என்ன?
- ஆட்டோ ஓட்டுநர், திருகோணமலை

பதில்: நியாயமான கோபம். 2004 சுனாமியில் கிண்ணியா ஆஸ்பத்திரியையே கடல் அடித்துவிட்டது. அப்போது பாலமும் கிடையாது, 2009இல்தான் திறந்தார்கள், திருகோணமலைப் பக்கம் வருவதென்றால் பாதையில், அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றும் மிதவையில், ஏறிக் கடக்க வேண்டும். அன்றைக்கு அம்புலன்ஸைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்க முடியுமா?

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. ஆட்டோவில் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் கை கால் சிராய்த்தவர்கள்தான், உயிருக்குப் போராடுகிறவர்களை இடிபாட்டிலிருந்து எடுத்து வருவதற்குள் வாசல் அடைத்துவிடும். ஆட்டோ ஒரு பக்கத்தால் உள்ளே போய், ஆளை இறக்கி, நிற்காமல் மறுபக்கத்தால் வெளியே போக வேண்டும். இதைக் கடதாசியில் எழுதி ஒட்டினால் போதாது, உங்கள் ஸ்டாண்டில் உள்ளவர்கள் நாலு தரம் ஓட்டிப் பார்த்தால்தான் வரும்.

அப்புறம், யாரை முதலில் பார்ப்பது என்று காட்டக் காயக்காரருக்குக் கட்டுகிற அந்த நிறத் துண்டு விவகாரம். சிவப்பு கட்டினால் உடனே பார்ப்பார்கள், மஞ்சள் கொஞ்சம் பொறுக்கலாம், நடக்கக்கூடியவருக்குப் பச்சை. இது தெரியாத தகப்பன், பிள்ளை அழுதுகொண்டிருக்க, சத்தமே போடாமல் கிடக்கிறவரை முதலில் தூக்கிக்கொண்டு போனால் தாதியோடு சண்டைக்குத்தான் போவார், நானும் போயிருப்பேன். சத்தம் போடாதவருக்குத்தான் ஆபத்து கூட என்பதைப் பள்ளிவாசலிலும் கோயிலிலும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சொந்தக்காரர் காத்திருக்க வேறாக ஒரு மண்டபம் வேண்டும், அங்கே தமிழும் சிங்களமும் பேசக்கூடிய ஒருவர் பெயர்ப் பட்டியலோடு இருந்தால் பாதிக் கூட்டம் வாசலுக்கே வராது.

இரத்தம் கொடுப்பதும் அப்படித்தான். எல்லோரும் அன்றைக்கே வரிசையில் நிற்பதைவிட, முன்னமே பதிந்து வைத்துவிட்டுக் கூப்பிடும்போது வருவது நல்லது.

சரி, இனி என்ன செய்யலாம்? ஸ்டாண்டில் நாலு பேராகச் சேர்ந்து வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவுக்கு ஒரு கடிதம் கொடுங்கள், பிரதேச செயலகத்தில் அனர்த்த முகாமைத்துவம் பார்க்கிறவருக்கும் ஒரு பிரதி. எந்த வீட்டில் நிறைமாதக்காரி, எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவர் என்று அறிந்தவர் உங்கள் பகுதி மிட்வைஃப், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த ஒத்திகையை மாரி மழை தொடங்க முன்னம் வைக்கச் சொல்லுங்கள், காயக்காரராக நடிக்க உங்கள் ஆட்டோவிலேயே ஆள் ஏற்றி வருவதாகவும் எழுதுங்கள்.